கழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

டேட்டா அக்விசிஷன் போர்டில் சென்சாரை இணைத்தாயிற்று. பூஜ்ஜியம் காட்ட வேண்டிய சேனல் 40 மில்லிவோல்ட் காட்டுகிறது. பல லேப்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: புரோகிராமில் ஒரு வரி சேர்த்து அந்த 40-ஐக் கழித்துவிடுவார்கள். திரையில் பூஜ்ஜியம் வந்துவிடும், வேலை தொடரும். இந்த வழக்கம் எவ்வளவு தூரம் சரி?

முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. எந்த ஆம்ப்ளிஃபயரிலும் கொஞ்சம் ஆஃப்செட் இருக்கவே செய்யும். ஸ்ட்ரெயின் கேஜ் பிரிட்ஜில், சுமை ஏற்றும் முன்பே நான்கு கைகளும் முற்றிலும் சமமாக இருப்பது அரிது. அந்தத் தொடக்க மதிப்பைக் கழிப்பது முறையான நடைமுறையே. காய்கறிக் கடைக்காரர் தட்டின் எடையைக் கழிப்பது போலத்தான் இதுவும். தட்டு மாறாதவரை கணக்கு சரி.

பல ஆஃப்செட்டுகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதுதான் சிக்கல். டிஃபரன்ஷியல் முறையில் இணைத்த தெர்மோகப்பிள், கிரவுண்டோடு தொடர்பே இல்லாமல் மிதக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் பயாஸ் கரன்ட் மிகச் சிறியது. ஆனாலும் அது திரும்பிப் போக வழி வேண்டும். வழியில்லாவிட்டால் உள்ளீட்டு வோல்டேஜ் மெல்ல நகர்ந்து எல்லையில் போய் முட்டும். காலையில் கழித்த எண் மதியத்துக்குப் பொருந்தாது. உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோஓம் வரையிலான ரெசிஸ்டர் போட்டால் தீரும் கோளாறு இது, புரோகிராமில் தீராது.

மல்ட்டிபிளெக்சர் தரும் தொல்லை இன்னும் நுட்பமானது. ஒரே ஏடிசி பல சேனல்களை மாறி மாறிப் படிக்கிறது. பக்கத்துச் சேனலில் 5 வோல்ட் இருந்தால், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் அதன் சார்ஜ் மிச்சமிருக்கும். சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் அதிகமென்றால், அளவெடுக்கும் நேரத்துக்குள் அது வடியாது. அர்டுயினோ யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்கே, சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 10 கிலோஓமுக்குள் இருப்பது நல்லது என்கிறது அதன் டேட்டாஷீட். இங்கே நாம் கழிக்கும் எண் பக்கத்துச் சேனலைப் பொறுத்தது. அது மாறினால் இதுவும் மாறும்.

சிறிய பிழைதானே என்று விட்டுவிடவும் முடியாது. கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 1 மில்லிவோல்ட் தவறினால் வெப்பநிலை ஏறக்குறைய 24 டிகிரி தவறும்.

கழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. சேனலின் இரு முனைகளையும் போர்டிலேயே ஷார்ட் செய்து, அனலாக் கிரவுண்டோடு இணைத்துப் பாருங்கள். அப்போதும் அதே 40 வந்தால் கோளாறு போர்டில். பூஜ்ஜியம் வந்தால் போர்டுக்கு நற்சான்று கொடுத்துவிடுவது வழக்கம், அதுவும் அவசரமே. ஷார்ட் செய்ததும் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் இல்லாமல் போகிறது, அதோடு மிச்ச சார்ஜ் பிரச்சினையும் மறைந்துவிடுகிறது. எனவே ஷார்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை வையுங்கள். ஆஃப்செட் திரும்பினால் பக்கத்துச் சேனலின் வோல்டேஜை மாற்றிப் பாருங்கள். அளவு கூடவே நகர்ந்தால் மல்ட்டிபிளெக்சர்தான் காரணம். நகராவிட்டால் பயாஸ் கரன்ட்டைச் சந்தேகிக்கலாம். ஷார்ட், ரெசிஸ்டர் இரண்டிலும் பூஜ்ஜியமே வந்தால், வயரிங்கையும் கிரவுண்ட் லூப்பையும் தேடிப் போகலாம்.

கழித்தல் கடைசியில் செய்ய வேண்டிய வேலை. காரணம் தெரிந்து, அது மாறாது என்று உறுதியான பிறகு தாராளமாகக் கழிக்கலாம். கழித்த எண்ணையும் தேதியையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த எண் மாறியிருந்தால், அளவெடுப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.