பன்றி வேட்டை நாயும் குலப்பெயரும்: செனபோனின் வேட்டை நூலை முன்வைத்து

கிரேக்க மொழியில் வேட்டையைக் குறிக்கும் பொதுச்சொல்லே நாயை உள்ளடக்கியது. 'கினெகெசியா' என்னும் சொல்லின் முற்பகுதி நாய் என்றும் பிற்பகுதி நடத்திச் செல்லுதல் என்றும் பொருள்படும். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த செனபோனின் பெயரால் வழங்கும் 'கினெகெட்டிகோஸ்' என்னும் வேட்டை நூலின் பெயரும் இச்சொல்லின் வழிப்பட்டதே. 13 இயல்கள் கொண்ட இந்நூலின் தொடக்கம் செனபோனுடையதுதானா என்பது நெடுங்காலமாக வாதத்துக்குரியது. இறுதி இயல்கள் சோபிஸ்டுகளைக் கண்டிப்பதால், கல்வி வரலாற்றாய்வாளர் அப்பகுதியையே பெரிதும் நோக்கினர். இடையிலுள்ள நாய் பற்றிய இயல்கள் வெறும் தொழிற்குறிப்புகளாக ஒதுக்கப்பட்டன. நாயைத் தெரிவு செய்வதற்கு மொழி எவ்வாறு பயன்படுகிறது, எங்கே தவறுகிறது என்பதை அறிய அவ்வியல்களே சிறந்த சான்று. பன்றி வேட்டையைக் கூறும் பத்தாம் இயலில் இத்தவறு வெளிப்படையாகத் தெரிகிறது.

மூன்றாம் இயல் முயல் வேட்டைக்கு உதவாத நாய்களை எடுத்துரைக்கிறது. சிறியவை, வளைந்த மூக்குடையவை, வெளிர்ந்த கண்ணுடையவை, கண் மங்கியவை, உடல் விறைத்தவை, மயிர் அடர்த்தியற்றவை, கால் நீண்டு உடல் பொருந்தாதவை, ஊக்கமற்றவை, மோப்பமற்றவை, பாதம் கெட்டவை என அப்பட்டியல் நீள்கிறது. பட்டியலின் நீளம் வியப்புக்குரியதன்று. ஒவ்வொரு குறைக்கும் அது களத்தில் விளைவிக்கும் கேட்டை உடனே கூறுவதே நூலின் சிறப்பு. வளைந்த மூக்குடைய நாயின் வாய் முயலைப் பற்றி நிறுத்தாது. ஊக்கமற்றது வேலையை விட்டு நிழல் தேடிப் படுக்கும். பாதம் கெட்டது எவ்வளவு ஊக்கமுடையதாயினும் வலியால் பின்தங்கும். இங்குப் பெயரடை ஒவ்வொன்றும் ஒரு வினையின் சுருக்கமாக நிற்கிறது. உடலின் வடிவத்தைச் சொல்லும் சொல் அவ்வுடலின் தொழிலையும் சொல்லிவிடுகிறது.

நடத்தைக் குறைகளைக் கூறுமிடம் இன்னும் செறிவானது. துரத்தலை நடுவிலே விட்டுத் திரும்பும் நாய்கள் இருவகை என்கிறார் ஆசிரியர். சில, விலங்கை வெறுப்பதால் திரும்புகின்றன. சில, மனிதரை நேசிப்பதால் திரும்புகின்றன. முன்னதற்கு 'மிசோதெரோன்' என்றும் பின்னதற்கு 'பிலாந்த்ரோபோன்' என்றும் தொகைச்சொற்களை ஆள்கிறார். பின்னைய காலத்தில் ஈகைக்கும் அருளுக்கும் பெயரான சொல் இங்கு வேட்டை நாயின் குறையாக நிற்பது சொற்பொருள் வரலாற்றில் சுவையான செய்தி. மேலும், வேட்டை நாயைப் பொதுவாகச் சுட்டும்போது நூல் பெண்பாற் சொல்லையே கையாள்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இது மறைந்துவிடுகிறது. தமிழிலும் 'நாய்' என்னும் அஃறிணைச் சொல்லில் இது மறைந்தே தீரும். மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்தில் ஒருமுறை சுட்டிச் செல்வதே இதற்குத் தீர்வு.

நான்காம் இயலில் நிலைமை மாறுகிறது. நல்ல நாயின் உறுப்பிலக்கணம் கூறியபின் நிறத்துக்கு வரும் ஆசிரியர், முழுச் செந்நிறமோ முழுக் கருமையோ முழு வெண்மையோ ஆகாது என்கிறார். அதற்குக் காரணமாக எந்தத் தொழிற்கேட்டையும் காட்டவில்லை. அது 'கென்னாயோன்' அன்று, காட்டுவிலங்குத் தன்மையது என்பதோடு முடிக்கிறார். நற்குடிப் பிறப்பைக் குறிக்கும் இச்சொல் வந்தவுடன் காரணம் கூறும் முறை நின்றுபோகிறது. இதனை மிகைப்படுத்திய குற்றச்சாட்டு என ஒதுக்க இயலாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் செனபோனின் நூலுக்குத் துணைநூல் எழுதிய அர்ரியன், நிறம் எதுவாயினும் வேறுபாடு இல்லை என்று மறுத்தார். வெளிர்ந்த கண்ணைக் குறையாகக் கூறியதையும் அவர் ஏற்கவில்லை. தாம் வளர்த்த வெளிர்கண் நாய் விரைவிலும் உழைப்பிலும் சிறந்தது என்று காட்டினார். அந்நாயின் பெயர் 'ஹோர்மே'. செனபோன் ஏழாம் இயலில் தரும் 47 நாய்ப்பெயர்களுள் இறுதியானதும் அதுவே. அப்பெயர்கள் அனைத்தும் ஈரசையின. அழைப்பதற்கு எளிதாதல் வேண்டும் என்பது ஆசிரியர் தரும் காரணம். முன்னோர் நூலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, அப்பெயரிட்ட நாயைக்கொண்டே முன்னோர் கருத்தை மறுத்த இம்முறை திறனாய்வாளர் எவரும் விரும்பத்தக்கது.

அதே ஏழாம் இயல் இனப்பெருக்கத்தையும் கூறுகிறது. குளிர்காலத்தில் பெட்டைகளை வேலையினின்று விடுவித்து ஓய்வு கொடுத்தால், குட்டிகள் வளர்ச்சிக்கு உகந்த இளவேனிலில் பிறக்கும். பருவம் 14 நாள் நீடிக்கும். அது தணியும் வேளையில் நல்ல ஆண்நாயோடு சேர்த்தால் விரைவில் சினைப்படும். சினைக்காலம் 60 நாள். குட்டிகளை வேறொரு பெட்டையிடம் பாலூட்ட விடலாகாது. இவற்றுட் பல இன்றைய அறிவோடு பெரிதும் முரண்படவில்லை. ஆயினும் 'நல்ல ஆண்நாய்' எது என்பதை இயல் விளக்கவில்லை. முயல் நாய்க்கு மூன்றாம் இயல் விடை தருகிறது. பன்றி நாய்க்கு விடை தரும் பகுதி நூலில் எங்கும் இல்லை.

பிறப்பைக் கொண்டு குலத்தை விளக்கும் முயற்சி நூலில் இல்லாமலில்லை. லகோனிய நாய்களுள் ஒருவகை நாயும் நரியும் கலந்து தோன்றியது என்கிறார் ஆசிரியர். இந்திய நாய், புலியும் பெட்டை நாயும் கூடி மூன்றாம் தலைமுறையில் பிறந்தது என்ற செய்தியை அரிஸ்டாட்டிலும் பதிந்துள்ளார். இவ்விடத்தில் தமிழில் பெயர்ப்பவர்க்கு ஒரு பொறி உண்டு. கிரேக்கச் சொல் 'அலோபெக்ஸ்' குறிப்பது செந்நிற ஐரோப்பிய விலங்கை. தமிழ் ஊர்ப்புறங்களில் 'நரி' என்பது பெரும்பாலும் பொன்னிற உடலுடைய வேறொரு விலங்கைக் குறிக்கும். பின்னதற்கு நாயைப் போலவே 78 குரோமோசோம்கள். நாயோடு கலந்து ஈனும் இயல்பும் உண்டு. முன்னதற்கு அவ்வியல்பு இல்லை. எனவே 'நாய்நரிக் கலப்பு' என்று பெயர்த்தால், கிரேக்க மூலத்தில் பொய்யான கூற்று தமிழில் மெய்போலத் தோன்றும். சொல் சரியாகவே பெயர்க்கப்பட்டிருக்கும், பொருள் பிழைபட்டிருக்கும்.

பத்தாம் இயல் பன்றி வேட்டைக்குரியது. முயல் நாய்க்கு உறுப்புதோறும் இலக்கணம் கூறிய ஆசிரியர், இங்கு நான்கு இடப்பெயர்களோடு நின்றுவிடுகிறார்: இந்திய, கிரேத்த, லோக்ரிய, லகோனிய நாய்கள். தாடை, மார்பு, பாதம் ஆகியன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்திய நாய் வலிமையும் பெருமையும் விரைவும் ஊக்கமும் உடையது என்ற குறிப்பும் மான் வேட்டையைக் கூறும் ஒன்பதாம் இயலில்தான் கிடைக்கிறது. ஏனைய மூன்றன் தன்மை வாசகர்க்கு முன்பே தெரியும் என்று ஆசிரியர் கருதியிருக்கலாம். அதனால் நூலின் குறை நீங்கிவிடாது. முயல் நாய் தவறினால் முயல் தப்பும். பன்றி நாய் தவறினால் நாயும் மனிதனும் மாள்வர். இவ்வேட்டையில் பல நாய்கள் மடிகின்றன, வேட்டுவரும் உயிர்க்கேட்டுக்கு உள்ளாகின்றனர் என்று இதே இயல் ஒப்புக்கொள்கிறது. பன்றியின் கோரைப்பல் நாயின் மயிர் நுனியைக் கருக்கும் அளவு சூடேறும் என்னும் நம்பிக்கையையும் பதிகிறது. அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது சான்று.

வேட்டை நடக்கும் முறையை உற்றுநோக்கினால் ஆசிரியர் சொல்லாத ஒன்று புலப்படும். முதலில் ஒரே ஒரு லகோனிய நாய் அவிழ்க்கப்படுகிறது. மற்றவை கட்டியே வைக்கப்படுகின்றன. அது தடம் பற்றிப் படுக்கையைக் கண்டு குரைக்கும். பன்றி பெரும்பாலும் எழாது. பிறகு அந்நாயையும் பிடித்துத் தொலைவில் கட்டிவிட்டு, பன்றி ஓடும் வழிகளில் வலை விரிக்கின்றனர். அதன்பின்னரே எல்லா நாய்களும் ஏவப்படுகின்றன. ஆகவே தேடிக் காட்டும் நாய் வேறு, நெருங்கி எதிர்க்கும் நாய் வேறு என்ற பாகுபாடு செயலில் உள்ளது. அதற்குரிய கலைச்சொற்கள் நூலில் இல்லை. மூன்றாம் இயலில் ஒரு குறைக்கு ஒரு தொகைச்சொல் படைக்க வல்லவர், இங்கு ஊர்ப்பெயரைக் கலைச்சொல்லாகக் கொண்டு அமைந்துவிடுகிறார்.

இந்திய நாய்ப்பெயர்களும் இவ்வழியினவே. 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் இடம்பெற்ற இமயமலை, ராம்பூர், முதோள், ராஜபாளையம் ஆகிய நான்கும் இடப்பெயர்கள். பன்றி வேட்டையோடு சேர்த்துப் பேசப்படும் கோம்பை நாயும் தேனி மாவட்டத்து ஊரொன்றின் பெயரையே தாங்குகிறது. தொல்காப்பிய மரபியல் நாயை வகுக்கும் முறை இதனின்று வேறுபட்டது. அங்கு இளமையும் பாலுமே அளவை. நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் 'குருளை' உரியது. பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் 'பாட்டி' என்னும் ஒரே பெயர். அவ்விளமைப் பெயர் வரிசையில் 'பிள்ளை' பிறவற்றுக்கு இசைய, நாய்க்கு மட்டும் விலக்கப்படுகிறது. வேட்டையாடுவதையும் வேட்டையாடப்படுவதையும் ஒரே சொல்லின்கீழ் வைக்கும் இப்பகுப்பில் ஊருக்கோ குலத்துக்கோ இடமில்லை. இக்காலப் பேச்சுவழக்கின் 'ஜாதி நாய்' என்னும் தொடரோ 'கென்னாயோன்' என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நாய்கொண்டு காட்டுப்பன்றியை வேட்டையாடும் வழக்கம் தடைப்பட்டபின், தொழிலால் நாயைச் சோதிக்கும் வாய்ப்பு அருகிப்போயிற்று. நிறமும் காது மடலும் முதுகுமயிரும் விலையை உறுதிசெய்யும் அளவைகளாக எஞ்சின.

செனபோன் இதை முற்றும் அறியாதவர் அல்லர். நான்கு குலங்களைக் கூறிய உடனே, அக்குலங்களிலும் 'எபிதிகூசாஸ்' ஆகா, விலங்கோடு பொருத ஆயத்தமானவையே வேண்டும் என்று ஒரு தடை விதிக்கிறார். தற்செயலாய் எதிர்ப்பட்டவை என்பது அச்சொல்லின் பொருள். ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்று இதனைச் 'சாதாரணமானவை' என்னும் கருத்துப்படக் கூறுகிறது. அவ்வாறு கூறின் தரவரிசை ஒன்று முன்பே இருப்பதுபோல் ஆகும். தெரிந்தெடுக்கும் வேட்டுவனின் செயல் மறைந்துபோகும். தமிழில் 'கையில் அகப்பட்டவை' என்பது மூலத்துக்கு நெருக்கமானது.