குடியேறியவரும் குடியேற்றப்பட்டவரும்

காலனியம் ஒரு மனநிலை என்கிறார்கள். கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் வாதம் இது. ஆங்கில மோகம், மேற்கத்திய ரசனை, நாவல் என்ற வடிவம் எல்லாமே அந்த மனநிலையின் எச்சங்களாம். கேட்கச் சுகமாக இருந்தாலும் இது தவறான வாதம். காலனியம் முதலில் நிலத்தின் சங்கதி. யாருடைய மண்ணில் யார் வந்து அமர்ந்தார்கள், அங்கிருந்து யார் கிளப்பப்பட்டார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

பழைய தலைமுறை இதை மறக்கவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பாடியவர் பாரதி. மார்க்சிய விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் ஏகாதிபத்தியம் என்று எழுதியபோது சுரண்டலின் முகவரி தெளிவாக இருந்தது. குழப்பத்தைத் தொடங்கிவைத்தது காலனி என்பதற்குக் 'குடியேற்ற நாடு' என்ற பழைய மொழிபெயர்ப்பு. இந்தியாவுக்கு அந்தச் சொல் பொருந்தாது. 1833 பட்டயச் சட்டம் வரை, ஐரோப்பியர் இந்தியாவில் நிலம் வாங்கி அமர்வதைக் கிழக்கிந்தியக் கம்பெனியே கட்டுப்படுத்தி வந்தது. பின்னால் வந்தவர்களிலும் பெரும்பாலோர் உத்தியோகம் முடிந்ததும் கப்பலேறினார்கள். 1830இல் பிரான்ஸ் படையெடுத்த அல்ஜீரியாவின் கதை வேறு. 1962இல் விடுதலை வந்தபோது அங்கே ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியர் வேரூன்றியிருந்தார்கள். காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனான் எழுதியது அந்த மண்ணின் அனுபவத்திலிருந்து. 1990களில் அவரையும் எட்வர்ட் சயீதையும் ஒரே மூச்சில் வாசித்த நம் பின்காலனிய விமர்சனம், ஃபனானிடமிருந்து மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டது. பெரிய இழப்பு அது.

குடியேறு தன்வினை, குடியேற்று பிறவினை. குடியேற்றம் என்ற பெயர்ச்சொல் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. கென்ய மேட்டுநிலத்தை வளைத்துப்போட்ட வெள்ளைத் துரையும், கங்காணியின் பின்னால் நடந்து கண்டிச் சீமைக்குப் போன கூலியும் அதே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். விமர்சகன் பிரித்துக் காட்ட வேண்டிய இடம் இது.

இலங்கையின் கிழக்கில் இந்தப் பிரிவு மேலும் சிக்கலானது. அங்கே, சுதந்திரம் பெற்ற அரசே 1949இல் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அம்பாறைப் பக்கம் நான்காம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி என்று இன்றும் எண்ணிட்ட ஊர்கள் இருக்கின்றன. அந்தத் திட்டம் சிங்களரைப் பெருமளவில் குடியேற்றி வட்டாரத்தின் மக்கள் விகிதத்தை மாற்றியது. 1956 ஜூனில் அங்கே தமிழர் ரத்தம் சிந்தியது. அந்த மக்களிடம் போய்க் காலனியம் ஒரு மனநிலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தமிழ்நாட்டிலும் சென்னையின் ஊழியர் காலனிக்கு இல்லாத பொருள் கிராமத்துக் காலனிக்கு உண்டு. 'ஊர்' ஒரு பக்கம், தலித் மக்கள் வாழும் 'காலனி' மறு பக்கம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. சொல் போவது நல்லது. நிலமும் பாதையும் சுடுகாடும் இன்னும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

இலக்கியத்தில் சாதியையும் தோட்டத்தையும் சேர்த்துத் தொட்ட முன்னோடிகளில் ஒருவர் புதுமைப்பித்தன். 'துன்பக்கேணி'யின் மருதி வாசவன்பட்டியின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். சாதி அவளை ஊரிலிருந்து தள்ளுகிறது, தோட்டம் அவள் உடம்பைத் தின்கிறது. ஆனாலும் அது போய்ப் பார்க்காதவர் எழுதிய கதை. உள்ளிருந்து எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த அடியை வாங்கிய கை எழுதியதுதான் 'நாடற்றவர் கதை'. லயத்து அறையும் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் கொழுந்துக் கூடையும் அவரிடம் அலங்காரமாக வருவதில்லை. குடியேற்றப்பட்டவர்களின் வாழ்க்கையாகவே வருகின்றன. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய உழைப்பு யாருடையது, அந்த மண்ணில் அவர்களுக்கு ஏன் ஒரு பிடிகூட இல்லை என்ற கேள்வி அவருடைய எழுத்து முழுவதும் ஓடுகிறது. நம் பின்காலனியக் கட்டுரைகளில் ஃபனானுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து காலனியச் சிறப்பிதழ் திட்டமிடும் சிற்றிதழ் ஆசிரியர்கள், முதல் கட்டுரையை வேலுப்பிள்ளையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். கோட்பாடு இரண்டாவதாக வரட்டும்.