என் இனிய இயந்திரா: ஒரு மதிப்பீடு

என் இனிய இயந்திரா, சுஜாதா எழுதிய அறிவியல் புனைகதை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து பின்னர் நூலாகியது. இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. தமிழில் 'இளையோர் நாவல்' என்ற தனிவகை வேரூன்றாத காலத்தில், பள்ளி, கல்லூரி மாணவர்கள் அந்த வகைமைக்குரிய ஈடுபாட்டுடன் வாசித்த படைப்பு இது.

கதைக்களம்

கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். குடிமக்களின் பெயர்கள் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கவேண்டும். குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைப் பெற்ற நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக வருபவர்கள் ரவி, மனோ, ரவியின் இயந்திர நாய் ஜீனோ. ஜீவா என்ற மனிதனே இல்லை, அவன் வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் முக்கியமான திருப்பம்.

பலம்

அவசரநிலை (1975-77) முடிந்து பத்தாண்டுகள் ஆன நிலையில் இத்தொடர் வெளிவந்தது. கட்டாயக் கருத்தடை நினைவிலிருந்த வாசகர்களுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு அரசிடம் மனுச்செய்வது தொலைவான கற்பனை அல்ல. நீண்ட தமிழ்ப் பெயர்களை இரண்டு எழுத்தாகக் குறுக்கியது சுஜாதாவின் கூர்மையான கண்டுபிடிப்பு. குலம், ஊர், தெய்வம் என ஒரு பெயர் சுமந்துவரும் அனைத்தையும் அரசு அழித்துவிட்டதை விளக்கமின்றியே அது உணர்த்திவிடுகிறது.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் (1949) பெரியண்ணன் உண்மையில் இருக்கிறாரா என்பது முடிவுவரை தெளிவாவதில்லை. சுஜாதா அந்த ஐயத்தை விடையாக மாற்றினார். இல்லாத தலைவனை மக்கள் அஞ்சி வணங்குகிறார்கள். சுவரொட்டியும் வெள்ளித்திரையும் அரசியலை வடிவமைத்த தமிழ்நாட்டில் இது பொருத்தமான கற்பனை. 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடி ஹோலோகிராம் வடிவில் பல ஊர்களில் ஒரேநேரத்தில் பேசியபோது, இந்நாவலின் வாசகர்களுக்கு அக்காட்சி முன்பே அறிமுகமாகியிருந்தது.

குறைகள்

இவ்வளவு வலுவான களத்தை நாவல் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. வாரந்தோறும் ஒரு திடுக்கிடலில் நிறுத்தவேண்டிய தொடர்கதையின் கட்டாயம், துரத்தலையும் தப்பித்தலையும் முன்னிறுத்துகிறது. இந்த ஆட்சி எவ்வாறு உருவானது, சாதாரண மக்கள் ஏன் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கேள்விகளுக்கு இடமில்லாமல் போகிறது. அடக்குமுறை கதைக்குப் பின்னணிச் சீலையாகத் தொங்குகிறது.

நிலாவின் பாத்திரப்படைப்பு இன்னொரு குறை. கதையின் மையத்தில் இருப்பவள் அவள். ஆனால் முடிவுகளைப் பெரும்பாலும் எடுப்பவர்கள் ரவியும் மனோவும். புரட்சிக்குப் பின் அவளை அரசியாக்கித் திரைமறைவில் ஆளவும் முயல்கிறார்கள். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) வரிசையிலும் கிளர்ச்சியாளர்கள் ஓர் இளம்பெண்ணைச் சின்னமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே காட்னிஸ் அதை உணர்ந்து எதிர்க்கிறாள். இங்கே நிலாவுக்காகச் சிந்திப்பது பெரும்பாலும் ஜீனோதான்.

ஜீனோ

நாவலின் வெற்றியும் சிக்கலும் ஜீனோவே. புத்தகம் படிக்கும், கிண்டல் செய்யும், மெல்ல மெல்லச் சுயசிந்தனை பெறும் இந்த நாய், மனிதர்கள் இயந்திரமான உலகில் இயந்திரம் மனிதத்தன்மை அடைவதைக் காட்டுகிறது. நாவலின் ஆழமான கருத்து இதுதான். ஆனால் ஜீனோவின் குறும்பு கொடுங்கோன்மையின் அச்சத்தைத் தணித்துவிடுகிறது. பெரும்பாலான வாசகர்களின் நினைவில் தங்கியது நாய்தான். ஜீவாவின் ஆட்சி அவ்வளவாகத் தங்கவில்லை.

இலக்கிய இடம்

பாத்திரங்களின் அகஆழத்தையும் அரசியல் விசாரணையையும் அளவுகோலாகக் கொண்டால் இந்நாவல் முதல்தர இலக்கியம் அல்ல, தேர்ந்த வெகுஜனப் புனைவு. எனினும் கணினியைப் பலர் நேரில் கண்டிராத காலத்தில், அறிவியல் சொற்களை அன்றாடத் தமிழுக்குள் இயல்பாகக் கொண்டுவந்தது. தலைவன் ஒரு பிம்பமாக இருக்கலாம், அவனை வீழ்த்துபவர்களும் இன்னொரு பிம்பத்தை நிறுவலாம் என்ற ஐயத்தை இளம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. கதை நிகழும் ஆண்டுகள் கடந்துசென்ற பின்னும் இந்நாவல் வாசிக்கப்படுவதற்கு அந்த ஐயமே காரணம்.