இரசனையும் படைப்பும்

விஞ்ஞானப் புனைகதை இரசிகரின் ஆர்வத்தை முதிராத பொழுதுபோக்கெனத் திறனாய்வாளர் ஒதுக்குவதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரியின் (1920–2012) இலக்கிய வாழ்வு இக்கணிப்பை மறுக்கின்றது. 'கிங் கொங்' போன்ற திரைப்படங்களில் இளமையிலேயே ஈடுபாடு கொண்ட அவர், 1937இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர இரசிகர் கழகமொன்றிற் சேர்ந்து, 1939இல் தாமே சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். அச்சூழலே அவரது எழுத்துக்குப் பயிற்சிக்களமாயிற்று. ஆயின், 1953இல் வெளிவந்த 'பரன்ஹைற் 451' நாவலில், நூல்கள் எரிக்கப்படுவதையும் சுவரளவான தொலைக்காட்சித் திரைகள் மாந்தரின் சிந்தனையை மழுங்கடிப்பதையும் அவர் சித்திரித்தார். இது முரண்போலத் தோன்றினும், திரையின் கவர்ச்சியைத் தம் அனுபவத்தால் உணர்ந்தவராலேயே அதன் ஆபத்தையும் நுணுகி நோக்க முடிந்தது எனலாம். அந்நாவலே 1966இல் துருபோவின் நெறியாள்கையில் திரைப்படமானமை ஈண்டு கருதத்தக்கது. இரசனை விமர்சன நோக்குடன் இணையும்போதே படைப்பாற்றலாகின்றது என்பதற்கு அது தக்க சான்றாகும்.