40 டாலர் தண்டமும் 65 டாலர் கேசட்டும்

நெட்ஃப்ளிக்ஸ் எப்படிப் பிறந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். ரீட் ஹேஸ்டிங்ஸ் 'அப்போலோ 13' கேசட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்தார், 40 டாலர் தண்டம் கட்டினார், அந்தக் கோபத்தில் கம்பெனி தொடங்கினார். எங்க ஆபீஸ் ட்ரெயினிங்ல இதை ஸ்லைடா போட்டப்போ நானும் தலையாட்டிட்டு வந்தவன்தான்.

இணை நிறுவனர் மார்க் ராண்டால்ஃப் 2019-ல் எழுதிய 'தட் வில் நெவர் வொர்க்' புத்தகத்தில், இது வசதிக்காகச் சொன்ன கதை என்று நேர்மையாகவே ஒத்துக்கொள்கிறார். படிக்க ஜோராகப் போகிற புத்தகம். ஆனால் கதையை உடைத்தவர் வில்லனை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறார்: வாடிக்கையாளரை எரிச்சல்படுத்தியே பிழைத்த பிளாக்பஸ்டர். அங்கதான் எனக்கு இடிக்குது.

கணக்கைப் பாருங்க. அமெரிக்கச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய கேசட்டை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம். ஸ்டுடியோவுக்கு அதில் பங்கு கிடையாது. அதனால் ஸ்டுடியோக்கள் கேசட் விலையையே ஏற்றி வைத்தன. புதுப் படம் என்றால் சுமார் 65 டாலர். வாடகை 3 டாலர் என்றால், 22 தடவை வெளியே போய் வந்தால்தான் போட்ட முதல் திரும்பும். புதுப் படத்துக்கு மவுசு சில வாரம்தான், அதிலும் கூட்டம் வெள்ளி, சனி ராத்திரியில். கடைக்காரர் துணிந்து நிறையப் பிரதி வாங்க மாட்டார். வெள்ளிக்கிழமை வர வேண்டிய கேசட் திங்கட்கிழமை வந்தால், போனது அந்த வாரத்தோட அறுவடை. நம்ம பாஷையில் சொன்னா, லாக்கை விடாம உட்கார்ந்திருக்கிற ப்ராசஸ். தண்டம் போடாமல் என்ன செய்வார்?

1998 வாக்கில் பிளாக்பஸ்டர் ஸ்டுடியோக்களோடு வருவாய்ப் பங்கீட்டுக்கு வந்தது. கேசட்டுக்கு முன்பணம் சுமார் 8 டாலர், பிறகு வாடகையில் ஒரு பங்கு. அலமாரியில் பிரதிகள் குவிந்தன. இதற்கப்புறமும் தண்டம் தொடர்ந்தது பாருங்க, அதுதான் தப்பு. 2000-ல் அந்த வகையில் வந்தது சுமார் 80 கோடி டாலர், மொத்த வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. வில்லன் என்று திட்டுவதானால் இந்த இடத்திலிருந்து திட்டணும்.

நெட்ஃப்ளிக்ஸ் தண்டத்தை எடுத்தது பெருந்தன்மையால் இல்லை. மாதச் சந்தா வந்ததும் கணக்கே தலைகீழாகிவிட்டது. டிஸ்க்கை நீங்க மூணு வாரம் டிவி மேலயே வெச்சிருந்தா அவங்களுக்குத் தபால் செலவு மிச்சம். தலைவலி எல்லாம், பார்த்த மறுநாளே திருப்பி அனுப்புகிறவரால்தான். அப்படிப்பட்டவர்களுக்குப் படம் மெதுவாகப் போனது. 2004-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சந்தாதாரர் வழக்குப் போட்டார், பிறகு சமரசம் ஆனது. குறைவாக எடுப்பவருக்கே முன்னுரிமை என்று விதிமுறையிலேயே எழுதி வைத்தார்கள். அதுவும் ஒரு தண்டம்தானே? பணமாக இல்லாமல் காத்திருப்பாக வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ராண்டால்ஃபின் கதை 2002 பங்கு வெளியீடு வரைக்கும்தான் என்பதால் இந்தப் பகுதி உள்ளே வரவில்லை. கம்பெனி தொடங்கின நாட்களைச் சொல்லும் அத்தியாயங்களுக்காக வாங்கிப் படிக்கலாம்.