இளவெயிலின் மேல் ஏற்றிய சுமை

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் பிள்ளை பெற்ற வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. காலை ஏழு, ஏழரைக்கு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆயாவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கால்மேல் எண்ணெய் தடவிய பச்சைப்பிள்ளை குப்புறக் கிடக்கும்; முதுகில் இளவெயில் விழும். எதற்கு என்று கேட்டால் இரண்டு காரணம் வரும்: "மஞ்சா இருந்தா எறங்கிடும், எலும்பும் கெட்டிப்படும்." இந்த இரண்டு வேலையையும் அந்த வெயில் செய்கிறதா என்று தனித்தனியே பார்த்தால்தான் வழக்கத்தின் நிறைகுறை பிடிபடும்.

முதலில் ஊரைச் சொல்லவேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்தபின், வடஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழர்களால் நிறைந்த இடம் இது. தொழிலாளிக்குக் கிடைத்தது தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடு: சின்ன அறை, தாழ்ந்த கூரை, வெளிச்சத்துக்கு வாசல்தான் வழி. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபின்பும் லைன்களில் ஜனங்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறார்கள். பிள்ளைகள் ஆயா என்கிற பாட்டிமார் கையில் வளர்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் குழந்தையை வாசலுக்குக் கொண்டுவருவது இயல்பான அறிவு. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சளுக்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டு என்பதும் கிழவிகளின் கற்பனை அல்ல. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஜீன் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, துணியின் முனை மூடியிருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதே ஆஸ்பத்திரியில் வெயிலில் இருந்துவிட்ட ரத்தக் குப்பி ஒன்றில், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் அளவு இறங்கியிருந்ததும் கண்ணில் பட்டது. ரிச்சர்ட் கிரீமரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இன்று மஞ்சளுக்கு ஆஸ்பத்திரிகளில் வைக்கும் நீல விளக்கு அங்கே தொடங்கியதுதான்.

வெயிலிலேயே குணம் தெரிந்தபின் விளக்கு எதற்கு? அளவு கையில் நிற்கவேண்டும் என்பதற்காக. பிலிருபினைக் கரைத்து வெளியேற்ற உதவுவது வெயிலில் உள்ள நீல ஒளி. விளக்கின் கீழே குழந்தை பால் குடிக்கும் நேரம் போக மணிக்கணக்கில் கிடக்கிறது. இடையிடையே ரத்தம் பார்த்து அளவு இறங்குகிறதா என்று சரிபார்க்கிறார்கள். வாசலில் கிடைப்பது கால்மணி நேரம், அதுவும் மேகம் விட்டால். நைஜீரியாவில் விளக்குக்கு மாற்றாக வெயிலையே பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. புறஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுக்கும் படலம் போர்த்திய பந்தலுக்குள், குழந்தைகளைப் பல மணி நேரம் வைத்து உடல்சூட்டைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். விளக்குக்கு இணையான பலன் கிடைத்தது. அந்த ஏற்பாடு எதுவும் வாசற்படியில் இல்லை. மஞ்சளுக்கு வெயிலை மருந்தாக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2010இல் சொன்னதன் நியாயம் இதுதான்.

இங்கே கெடுதல் வெயிலால் வருவதில்லை, வெயிலை நம்பிக் காத்திருப்பதால் வருகிறது. சுகப்பிரசவமானால் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாதாரண மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவதோ மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அதாவது உச்சம் வரும்போது பிள்ளை வீட்டில் இருக்கிறது, பக்கத்தில் "ரெண்டு நாளு வெயில்ல காட்டிப் பாப்போம்" என்கிற யோசனையும் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானாகவே வடிந்துவிடும். அந்தப் பெயரை வெயில் தட்டிக்கொண்டு போகும். தானாக வடியாத சில குழந்தைகளுக்கு அந்த இரண்டு நாள்தான் விலை. பிலிருபின் மூளைக்கு ஏறிவிட்டால் காது கேளாமையும் கைகால் முடக்கமும் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும்.

அடுத்தது எலும்பு. வைட்டமின் டி உண்டாவதற்கு வேண்டியது நீல ஒளி அல்ல, புறஊதா பி கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிரைக் காற்றுமண்டலம் வழியிலேயே வடிகட்டிவிடுகிறது. நமக்கு வடகிழக்கே இருக்கும் திருப்பதியில், ஹரிநாராயணன் குழுவினர் தோலில் உள்ள மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் வைத்து மணிக்கு மணி வெயில் காட்டினார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, அது வைட்டமினாக மாறுவது காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடையில்தான் அதிகம். வாசலில் நின்று இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். ஏழரை மணிக்கு நம் நிழல் நம்மைப்போல் இரண்டரை, மூன்று மடங்காவது நீண்டு கிடக்கிறது. நிழல் ஆளைவிடக் குட்டையாகும்போதுதான் அந்தக் கதிர் தாராளமாகக் கிடைக்கும். அதற்கு ஒன்பதரை, பத்து ஆகும். மார்கழியில் பத்தரை தாண்டும்.

அப்படியானால் உச்சிவெயிலில் போடலாமா? தில்லியில் நடந்து 2017இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது: ஆறு வாரத்துக்குமேல் ஆன குழந்தைக்கு, 10 மணியிலிருந்து 3 மணிக்குள், உடம்பில் 40 சதவீதம் திறந்திருக்க, வாரத்துக்கு 30 நிமிடம். தொடர்ந்து செய்தால் ஆறு மாத வயதில் வைட்டமின் டி போதுமான அளவுக்கு வரும் என்று கணிக்கிறது. ஆராய்ச்சியில் இது சரி. ஆனால் சித்திரை உச்சிவெயிலில் தண்ணீர்கூடக் குடிக்கத் தெரியாத, வியர்த்துச் சூடு தணிக்கத் தெம்பில்லாத உடம்பைப் போடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆறு மாதத்துக்குக் கீழே நேரடி வெயிலே வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். எளிதில் கன்றிப்போகும் வெள்ளைத்தோலும் அந்த எச்சரிக்கையின் பின்னால் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கருந்தோலுக்கு அதை அப்படியே பொருத்தத் தேவையில்லை. ஆனால் அதே கருந்தோல் வைட்டமின் டி உண்டாக்க அதிக நேரம் கேட்கும். தாய்ப்பாலில் இந்தச் சத்து மிகக் குறைவு என்பதால், பிறந்ததிலிருந்து ஒரு வயதுவரை தினம் 400 யூனிட் சொட்டுமருந்து தரச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். வெயில் இலவசம், சொட்டுமருந்துக்குக் காசு என்ற வாதம் உண்மைதான். ஆனால் ஏழரை மணி வெயிலில் இல்லாத சரக்கை அது இலவசமாகத் தரமுடியாது.

இரண்டு காரணமும் தோற்றபின் வழக்கத்தில் என்ன மிஞ்சுகிறது? நிறையவே. லைன் வீட்டு மஞ்சள் பல்பின் கீழே காமாலை கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஏற்றது பகல் வெளிச்சம். பார்க்கவேண்டியது துணி நீக்கிய உடம்பு. தினமும் அதே நேரத்தில், அனுபவப்பட்ட அதே கண், பிள்ளையை உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை பார்க்கிறது. இதைவிட நல்ல பரிசோதனையை எந்தத் திட்டத்தாலும் தினம் செய்யமுடியாது. ஆஷா ஊழியர் வீட்டுக்கு வருவது 3, 7, 14 என்று குறித்த நாட்களில். ஆயா தினமும் பார்க்கிறார். தீட்டு என்று அறைக்குள் அடைந்துகிடக்கும் தாய்க்கும் வாசல் காற்றும் நாலு பேர் பேச்சும் கிடைக்கின்றன. பகல் எது, இரவு எது என்று பிள்ளைக்குப் பழகவும் காலை வெளிச்சம் உதவும்.

அந்த வாசலுக்கும் ஒன்றிரண்டு கேடு உண்டு. ஆடிக்காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து மண் பறக்கிறது; சுரங்கம் விட்டுப்போன அந்தக் கழிவு 3 கோடி டன்னுக்கு மேல். காற்று வீசும் நாளில் பிள்ளை உள்ளே இருப்பதே மேல். சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் மார்கழி, தை காலைகளில் குளிர் கடிக்கும். அப்போது எண்ணெய் தடவிய வெற்றுடம்பு சூடிழந்து சில்லிட்டுவிடும். அந்த மாதங்களில் வெயில் ஏறியபின் கொண்டுவரலாம்.

ஆகவே வழக்கம் இருக்கட்டும், அதன்மேல் ஏற்றிய வைத்தியச் சுமையை இறக்கிவிடலாம். எலும்பைச் சொட்டுமருந்து பார்த்துக்கொள்ளும். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் மருந்தோடு குழப்பாமல், பெட்டியில் ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்று படித்துக் கொடுத்தால் போதும். மஞ்சளைப் பொறுத்தவரை ஆயாவின் வேலை ஆற்றுவதல்ல, கண்டுபிடிப்பது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, வெயிலுக்கு இன்னொரு நாள் தவணை கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும். அந்த முடிவை எடுக்கவேண்டிய நேரத்தில் பிள்ளையின் அப்பா பெங்களூரில் வேலையில் இருப்பார். அதனால் ஆஷா ஊழியரும் நர்சம்மாவும் இந்த மூன்று அடையாளங்களை முதலில் சொல்லவேண்டியது தாயிடம் மட்டுமல்ல, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடமும்தான்.