டிராகனின் நெருப்பு மாயமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 விதிகளில் 'மாய எதிர்ப்பு' என்றொரு காப்பு உண்டு. மந்திரங்களையும் பிற மாய விளைவுகளையும் தாங்க வேண்டிய வேளையில், அந்தக் காப்பு உள்ளவருக்காக 20 முகப் பகடையை இருமுறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் டிராகன் உமிழும் நெருப்பு மாயமா?

ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் தந்த விளக்கம் அழகானது. அது மந்திரமா, மாயப் பொருளிலிருந்து வருகிறதா, வர்ணனையே அதை மாயம் என்கிறதா என்பன போன்ற சில கேள்விகளைக் கேட்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால், அந்த நெருப்பு டிராகனின் உடலியல்பு, காப்பு உதவாது.

கற்பனை உலகுக்கும் ஓர் இயற்கை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் இந்த நிதானமான வாசிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நண்பர்கள் கூடி நியாயம் தேடும் அந்தச் சில நிமிடங்களும் ஆட்டத்தின் இன்பமே.